கால் வயிறு சிவனுக்கு: கவாய் ஆதீனத்தின் அன்றாடமும் அங்கே யோகம் தொடங்கும் இடமும்

ஹவாய் என்றதும் கடற்கரை விடுதிகளும், பாய் விரித்து நடக்கும் யோகா முகாம்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் வடமேற்கில் கவாய் என்றொரு சிறு தீவு. அங்கே வைலுவா ஆற்றங்கரையில் ஒரு சைவ மடம் இருக்கிறது. பெயர் கவாய் ஆதீனம். துறவிகள் இருபது பேர் அளவில் இருப்பார்கள். வேட்டி கட்டி, விபூதி பூசி, தங்கள் கோயிலில் தாங்களே சிவபூஜை செய்கிறார்கள். கோயிலுக்குப் பெயர் 'கடவுள் கோயில்'. அமெரிக்க மண்ணில் அப்படியே தமிழில் வைத்த பெயர்.

இந்த மடத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் யோகா, தியானம், மரக்கறி உணவு என்ற மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஏதோ ஆரோக்கியத் திட்டம் போலச் சொல்லிவிடுகிறார்கள். அவர்களுடைய நடைமுறையைக் கவனித்தால் வரிசை வேறாக இருக்கிறது. அங்கே சாப்பாடு முதலில் வருகிறது, ஆசனம் வெகு பின்னால். ஏன் அப்படி என்று பார்க்க, மடம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மடத்தை நிறுவிய சிவாய சுப்பிரமுனியசுவாமி 1927இல் கலிபோர்னியாவின் ஆக்லாந்தில் பிறந்த அமெரிக்கர். இளம் வயதில் சான் பிரான்சிஸ்கோ பாலே குழுவில் நடனக் கலைஞர். 1947இல் இலங்கைக்குக் கப்பலேறினார். 1949இல் யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறையில் குடிசையில் இருந்த யோகர் சுவாமியைச் சந்தித்தார். பெயரும் தீட்சையும் அங்கேதான் கிடைத்தன. தீட்சை என்றால் மந்திரம் ஓதி மெதுவாகத் தலையில் கை வைத்ததாக நினைக்க வேண்டாம். முதுகில் ஓங்கி ஓர் அறை. அகிம்சையை இவ்வளவு வலியுறுத்தும் ஒரு மடத்தின் வரலாறு ஓர் அறையில் தொடங்குவது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும் விஷயம். யோகர் சுவாமியை அறிந்த யாழ்ப்பாணத்தார் அதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். நல்லூர்த் தேரடியில் திரிந்த செல்லப்பா சுவாமியின் சீடர் அவர். ஏச்சும் பேச்சும் கலந்துதான் அந்த வழியில் அருள் வரும்.

அதே ஆண்டு யாழ்ப்பாணத்து அளவெட்டியில் ஓர் ஆசிரமம் உண்டானது. பின்னர் 1957இல் சான் பிரான்சிஸ்கோவில் இமாலயன் அகாடமி. 1970இல் கவாய்க்கு இடம் பெயர்ந்து, 1973இல் கடவுள் கோயிலைத் தொடங்கினார்கள். 2001 நவம்பரில் அவர் மறைந்த பிறகு அவருடைய சீடர் போதிநாத வேலன்சுவாமி பீடத்துக்கு வந்தார். 'இந்துயிசம் டுடே' என்ற பத்திரிகை 1979இல் தொடங்கி இங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் பின்னணி தெரிந்தால் ஒன்று விளங்கும். இங்கே நடப்பது மேற்கத்தியர்கள் தங்கள் விருப்பத்துக்குக் கலந்து செய்த யோகா இல்லை. திருமூலரைத் தங்கள் குருபரம்பரையில் வைத்து, யோகர் சுவாமியின் நற்சிந்தனைப் பாடல்களைப் பாடி, சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு படிகளையும் வரிசையாக ஏற வேண்டும் என்று நம்பும் சைவ சித்தாந்த மடம் இது. திருக்கோயில் தொண்டும் பூஜையும் பழகாமல் நேராக யோகத்தில் குதிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. பூஜை செய்யத் தெரியாத யோகிக்கு அங்கே இடமில்லை.

சரி, ஒரு நாள் எப்படிப் போகிறது?

கடவுள் கோயிலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு பூஜை. காலை 6, 9, நண்பகல் 12, மாலை 3, 6, இரவு 9, நள்ளிரவு, அதிகாலை 3. இரண்டு பூஜைகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஒரு துறவி கோயிலிலேயே இருப்பார். ஜபம், தியானம், பாராயணம் என்று அவருடைய மூன்று மணி நேரம் கழியும். அப்புறம் அடுத்தவர் வருவார். 1973இல் தொடங்கிய இந்த முறை இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை. இருபது பேர் மாறி மாறிச் செய்தால் ஒருவருக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை வரும். நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடையே முறை விழுந்தவர் அன்று தூக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் தூங்க வேண்டும். நம் ஊர்க் கோயில்களில் இராக்கால பூஜை முடிந்து பள்ளியறைக் கதவு சாத்தினால் விடியும் வரை ஓய்வு. இங்கே அந்த ஓய்வு கிடையாது.

உள்ளே நடராஜர். சுற்றிலும் பொன் பூசிய 108 தாண்டவ வடிவங்கள். ஹோம நாட்களில் பக்தர்கள் எழுதி அனுப்பிய வேண்டுதல் கடிதங்களை ஓமத் தீயில் இடுவது இங்கே ஒரு வழக்கம். தீ வழியாக அவை தேவர்களைச் சென்றடையும் என்று நம்புகிறார்கள். வெளியார் காலை 9 மணிப் பூஜைக்கு வரலாம். நண்பகலோடு வாசல் மூடிவிடும். அதற்குப் பிறகு மடம் மடத்தாருடையது.

பூஜைக்கு வெளியே உள்ள நேரம் வேலைக்கு. வேலை ஐந்து குலங்களாகப் பிரிந்திருக்கிறது. பதிப்புப் பணி கணபதி குலத்துக்கு. நிர்வாகம் லேகக குலத்துக்கு. நிலமும் கட்டடமும் சித்திதத்த குலத்துக்கு. பிள்ளையார் குலம், ஏகதந்த குலம் என்று இன்னும் இரண்டு உண்டு. ஐந்துமே பிள்ளையாரின் பெயர்கள். பத்திரிகைக்குப் பக்கம் வடிவமைப்பவரும் தோட்டத்தில் களை பிடுங்குபவரும் ஒரே பந்தியில் உட்காருவார்கள். உடையைப் பார்த்தே படிநிலை தெரிந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை விரதத்தைப் புதுப்பிக்கும் சாதகர்களுக்கு வெள்ளை, அடுத்த நிலையில் மஞ்சள், வாழ்நாள் சந்நியாசம் வாங்கியவர்களுக்குக் காவி. ஓய்வு நாட்களும் சனி ஞாயிறு என்று வருவதில்லை. சந்திரனின் நான்கு நிலைகளை ஒட்டி அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அரைநிலவு என்று வருகின்றன. கவாய்த் தீவின் சூரிய உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கம் ஒன்றையே அவர்கள் வைத்திருக்கிறார்கள். சென்னைப் பஞ்சாங்கத்தை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. பதினைந்தரை மணி நேர வித்தியாசத்தில் திதியே மாறிப்போகும்.

இனி யோகத்துக்கு வருவோம். பதஞ்சலியின் எட்டு அங்க யோகத்தில் முதல் அங்கமான இயமம் (செய்யக் கூடாதவை) ஐந்து, இரண்டாவதான நியமம் (செய்ய வேண்டியவை) ஐந்து. பள்ளிக்கூட யோகா வகுப்பு வரை இந்தக் கணக்குதான் புழங்குகிறது. கவாய் மடத்தார் எடுத்துக்கொள்வது பத்தும் பத்துமான இன்னொரு கணக்கு. திருமூலர் திருமந்திரத்தில் இயமத்தைச் சொல்லும் பாட்டு 'கொல்லான் பொய்கூறான் களவிலான்' என்று ஆரம்பிக்கிறது. முதல் சொல்லே கொல்லான். அதே பாட்டில் 'பகுத்துண்பான்' என்று சாப்பாடு வந்துவிடுகிறது. கள் உண்ணாமையும் வந்துவிடுகிறது. மடத்தார் கற்பிக்கும் பத்து இயமங்களில் அகிம்சை முதலாவது, மிதாகாரம் ஒன்பதாவது. அதாவது கொல்லாமையும் அளவான உணவும் யோகத்தின் முதல் அங்கத்திலேயே இருக்கின்றன. ஆசனம் மூன்றாவது அங்கம். கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் இன்றைய யோகா வியாபாரம் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடிந்துவிடுகிறது.

ஆசனத்தை முதல் அங்கமாக வைக்கும் ஹடயோகப் பிரதீபிகைகூட இதில் ஒத்துப் போகிறது என்பதுதான் வேடிக்கை. பதினைந்தாம் நூற்றாண்டு நூல் அது. இயமங்களில் தலையானது மிதாகாரம், நியமங்களில் தலையானது அகிம்சை என்று சொல்லிவிட்டு, மிதாகாரம் எது என்றும் அதுவே விளக்குகிறது. நெய்ப்பசையும் இனிமையும் உள்ள உணவு, வயிற்றில் கால் பங்கு காலியாக விட்டு, சிவனின் பிரீதிக்காக உண்பது. இந்த மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவது எதைச் சாப்பிடுவது என்கிறது. இரண்டாவது எவ்வளவு என்கிறது. மூன்றாவது யாருக்காக என்கிறது. இன்றைய உணவுக் கட்டுப்பாட்டுப் பேச்சில் முதல் இரண்டும் ஏராளமாக உண்டு. மூன்றாவது இல்லாததால்தான் அவை மூன்று மாதத்தில் சலித்துப் போகின்றன என்பது என் அபிப்பிராயம். நைவேத்தியம் ஆன சாப்பாட்டை யாரும் தராசில் வைத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் அதை அள்ளி அள்ளித் திணிக்க மனம் வராது.

ஆசனம் அங்கே இல்லாமல் இல்லை. தியானத்துக்கு உட்காரும் உடம்பைத் தளர்த்த எளிய ஆசனங்கள் உண்டு. மூச்சுப் பயிற்சியும் எளிது. ஒன்பது எண்ணிக்கை உள்ளே இழுத்து, ஒன்று நிறுத்தி, ஒன்பது வெளியே விட்டு, ஒன்று நிறுத்துவது. விரைவில் கைவரும், ஆபத்தில்லை. இதற்கு மேல் போனால் முதுகுத்தண்டில் உணர்வை வைப்பது, ஒளியைக் கவனிப்பது என்று தியானத்துக்குள் நுழைந்துவிடும். அந்த உள் அனுபவங்களைக் குறிக்கச் சுப்பிரமுனியசுவாமி 1968இல் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது 'ஷும்' என்று ஒரு தனிச் சொல்மொழியையே, எழுத்தோடு, உருவாக்கினார். மடத்தாரிடையே அது இன்றும் புழக்கத்தில் உண்டு. சைவ மரபில் வளர்ந்த நமக்கு இந்த ஒன்றுதான் கொஞ்சம் அந்நியமாகப் படும். மற்றதெல்லாம் பழகிய பாதை.

உணவு விஷயத்தில் விதி சுருக்கமானது. இறைச்சி, மீன், கடலுணவு, கோழி, முட்டை எதுவும் கூடாது. பதப்படுத்திய பண்டங்கள், வெள்ளைச் சர்க்கரை, மைதா போன்றவற்றையும் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறார் நிறுவனர். பால், தயிர், நெய் உண்டு. மடத்தில் பசுக்கள் இருக்கின்றன, தேனீப் பெட்டிகள் இருக்கின்றன, காய்கறித் தோட்டம் இருக்கிறது. ஹவாய் மக்கள் உண்ணும் உணவில் பெரும்பங்கு கப்பலில் வந்து இறங்குவது. அப்படிப்பட்ட இடத்தில் சொந்தத் தோட்டம் அழகுக்காக வைத்ததாக இருக்க முடியாது. தீவின் நடுவில் நிற்கும் வையாலேயலே மலையில் ஆண்டுக்கு 9,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. சென்னைக்கு வருவது சுமார் 1,400. எதை நட்டாலும் தழைக்கும், களையும் கூடவே தழைக்கும். தென்னை, வாழை, பப்பாளி, சேம்பு, ஈரப்பலா என்று தீவில் விளைகிற பலவும் யாழ்ப்பாணத்து வளவில் நிற்பவைதான். அதனால் கொழும்புத்துறைச் சமையல் பசிபிக் நடுவில் வேர் பிடிக்கப் பெரிய சிரமம் இருந்திருக்காது. மடத்தார் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் யாழ்ப்பாணப் பாணிக் கறிகள் நிறைய உண்டு.

1984இல் அவர்கள் நட்ட உருத்திராக்கத் தோப்பு ஒன்றும் அங்கே இருக்கிறது. அதன் பழம் பளீரென்ற நீல நிறம். பழத்தின் சதையை நீக்கினால் உள்ளே இருக்கும் கொட்டைதான் நாம் கழுத்தில் போடுவது. அந்த நீலப் பழத்தை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம்.

கொல்லாமைக்கு இந்த மடம் ஆதாரமாக எடுப்பது பெரும்பாலும் திருக்குறளை. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர்கள் இவர்கள். புலால் மறுத்தல் அதிகாரத்தில் எனக்கு மிக நவீனமாகத் தெரியும் குறள் இது:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவார் இல்.

தின்பதற்காக உலகம் கொல்லவில்லை என்றால் விலைக்காக இறைச்சி தருபவர் யாரும் இருக்க மாட்டார்கள். 'நான் கொல்லவில்லையே, கடையில்தானே வாங்கினேன்' என்ற சமாதானத்தை வள்ளுவர் இரண்டு அடியில் மறுத்துவிடுகிறார். வாங்குகிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை. பாவ புண்ணியம், மறுபிறப்பு எதையும் இதற்குள் இழுக்கத் தேவையில்லை. வெறும் சந்தைக் கணக்கு. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு வாசகருக்கு வேதப் பிரமாணத்தைவிட இது சட்டென்று புரியும். இறைச்சி உண்பவரிடம் வாதாடுவது எப்படி என்று மடத்தார் பல மொழிகளில் பரப்பிய துண்டுப் பிரசுரமும் பசி, நிலம், நீர், உடல்நலம் என்று உலகியல் காரணங்களையே அதிகம் அடுக்குகிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். பாலும் தேனும் மட்டும் ஹிம்சை இல்லையா? வீகன் நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். பால் தொழிற்சாலைகளில் பசு படும் பாட்டைத் தெரிந்தவர் யாரும் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. மடம் பாலை விடவில்லை. சிவனுக்குப் பாலபிஷேகம், தயிர், நெய் விளக்கு என்று பூஜை முழுக்கப் பசுவோடு பின்னியிருக்கிறது. பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அளவில் சில பசுக்களைத் தாங்களே வளர்ப்பது தொழிற்சாலைப் பாலிலிருந்து வெகு தூரம்தான். ஆனால் அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. கோலாலம்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பக்தர் பாக்கெட் பால்தான் வாங்குவார். இந்த இடத்தில் மடத்தின் வாதம் மேலே சொன்ன குறளுக்கு முன்னால் கொஞ்சம் பலவீனமாக நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். விலைப்பொருட்டால் தருபவர் கதை பாலுக்கும் பொருந்தும் அல்லவா?

இன்னொரு சுவாரசியம். கவாய்த் தீவு முழுக்கக் கோழிகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன. 1992 செப்டம்பரில் இனிக்கி புயல் கூண்டுகளை உடைத்த பிறகு அவை பெருகிவிட்டன என்பார்கள். பிடிக்க ஆளில்லை, தெருவெல்லாம் சேவல் கூவல். கோழி தேடி வந்து காலைச் சுற்றும் ஊரில் மரக்கறி விரதம் காப்பது ஒரு தனி அழகு.

உணவோடு அகிம்சை முடிந்துவிடுகிறது என்று நினைத்தால் இந்த மடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதாகும். எண்ணத்தாலும் சொல்லாலும் செயலாலும் ஊறு செய்யாமை என்பதே அவர்கள் தரும் வரையறை. இருபது ஆண்கள் ஒரே வளாகத்தில் வருடக்கணக்காக வாழும்போது உரசல் வராமல் இருக்காது. மனக்கசப்போடு தூங்கப் போகக் கூடாது, வந்த பிணக்கை உறங்குவதற்கு முன் பேசித் தீர்க்க வேண்டும் என்பது அங்கே விதி. சாப்பாட்டு விதியைவிட இதைக் காப்பதுதான் கடினம் என்று குடும்பம் நடத்துகிற யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

சுப்பிரமுனியசுவாமி பின்னாளில் மிகக் கடுமையாகப் பேசிய ஒரு விஷயம் பிள்ளைகளை அடிப்பது. மலேசியா, மொரீஷியஸ், இலங்கை, சிங்கப்பூர் என்று அவருடைய பக்தர்கள் இருந்த இடங்களில் வீட்டிலும் பள்ளியிலும் பிரம்படி சாதாரணம். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாத, கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடக்கிற, அதே கையால் பிள்ளையை விளாசுகிற வீடுகள் நம்மிடையே குறைவா என்ன? அவர் இதை ஹிம்சை என்றே சொன்னார். அடிக்கும் பெற்றோர் அதை நிறுத்த வேண்டும் என்று கேட்டார், பெற்றோருக்கான வகுப்புகளை ஊக்குவித்தார். ஓர் ஆட்டைக் கொல்வது பாவம் என்று சொல்லும் துறவிகள் நமக்கு நிறையக் கிடைத்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் தோற்ற பிள்ளையை அடிப்பதும் அதே கணக்கில் வரும் என்று சொன்னவர்கள் குறைவு. இந்த மடத்தின் கொல்லாமை விரதத்தில் தமிழர்களுக்கு உண்மையிலேயே புதிதாக இருப்பது இந்தப் பகுதிதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் யார் என்ன சாப்பிடுகிறார் என்ற கேள்விக்குள் யார் என்ன சாதி என்ற கேள்வி ஒளிந்திருக்கும். புலால் உண்ணாதவர் உயர்ந்தவர், உண்பவர் தாழ்ந்தவர் என்ற ஏற்பாட்டில் கொல்லாமைக்கு எந்த வேலையும் இல்லை. பிறப்புதான் அங்கே வேலை பார்க்கிறது. கவாய் மடத்தில் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. அங்கே பல நாடுகளில் பிறந்தவர்கள் துறவிகளாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் இறைச்சி உண்ணும் வீடுகளில் வளர்ந்து, பிறகு முறைப்படி இந்து ஆகி, பழைய மதத்திலிருந்து விலகி, சட்டப்படி பெயரையும் மாற்றிக்கொண்டவர்கள். மரக்கறி உணவு அவர்களுக்குப் பாட்டன் சொத்தாக வரவில்லை. ஒரு வயதில் யோசித்து எடுத்த விரதம் அது. பணிவு, பிரம்மச்சரியம், இரகசியம் காத்தல், கீழ்ப்படிதல் என்று அவர்கள் எடுக்கும் மற்ற விரதங்களோடு சேர்த்து இதையும் எடுக்கிறார்கள். வள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இல்லறத்தாருக்கு இந்த மடம் 'சாகாஹார விரதம்' என்று தனியாக ஓர் உறுதிமொழி வைத்திருக்கிறது. மனம் இசைந்தவர்கள் எழுதிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்வது.

கடைசியாக, இந்த மடத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க விரும்பும் இரண்டாவது கோயில். பெயர் 'இறைவன் கோயில்'. முழுக்கக் கருங்கல். வாஸ்து வகுத்தவர் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி. பெங்களூருக்கு அருகே 1990இல் கல் செதுக்கத் தொடங்கி, இயந்திரம் தொடாமல் உளியாலேயே செதுக்கி, கப்பலில் ஏற்றி, தீவில் அடுக்கி, 2023 மார்ச்சில்தான் கும்பாபிஷேகம் ஆனது. முப்பது ஆண்டுகளுக்கு மேல். கருவறையில் 700 பவுண்டு எடையுள்ள ஸ்படிக லிங்கம். அடித்தளக் கான்கிரீட்டில் இரும்புக் கம்பியே கிடையாது. கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் வெடிக்கும், கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது கணக்கு. இந்தக் கோயிலுக்கும் வருகிறவர்களுக்கும் அதே காலை நேரம்தான். முழங்காலை மறைக்கும் உடை வேண்டும், இல்லாதவருக்கு வாசலிலேயே இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சாரம் (லுங்கி) கிடைக்கும். யோகா வகுப்பு எங்கே நடக்கிறது என்று அங்கே கேட்டால், 9 மணிப் பூஜைக்கு வந்து உட்காருங்கள் என்பதுதான் அவர்கள் வழிக்கு ஏற்ற பதிலாக இருக்கும்.